பழைய சிடியும் நீலத்திரையும்

டிடிபி கடைகளில் இன்றும் நடக்கிற காரியம் இது. கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேக நோட்டீசும் அடித்துத் தரும் கடையில், பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கை பழகிய தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள் ஒன்று இருக்கும். விண்டோஸ் 7 காலத்துச் சரக்கு. பழைய கணினி உயிரை விட்டதும் விண்டோஸ் 10 போட்ட பெட்டி ஒன்று வரும். பழைய சிடியைத் தேடியெடுத்துப் போட்டு, அதோடு வந்த 'டாங்கிள்' என்ற பெருவிரல் அளவுப் பூட்டையும் செருகி, 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'ஃபினிஷ்' என்று தட்டுவார்கள். கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லும். போட்டால் விண்டோஸ் சின்னம் வரும், கீழே புள்ளிகள் சுற்றும், திடீரென்று திரை முழுக்க நீலம். ஏதோ எண்ணைக் காட்டிவிட்டுத் தானே மறுபடி தொடங்கும். மறுபடியும் சின்னம், புள்ளிகள், நீலம்.

கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரமான நோய். ஐந்து நிமிஷத்துக்கு முன்புவரை நன்றாக ஓடிய கணினி. அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை. லட்சக்கணக்கான கோப்புகள் கிடக்கும் வன்தட்டில் இன்னும் நாற்பது ஐம்பது கோப்புகளை வைத்தோம், அவ்வளவுதான். பொருந்தாத மென்பொருளை நாம் நிறுவியதே இல்லையா என்ன? வழக்கமாக அது திறக்காது, அல்லது திறந்து ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். கணினியையே படுக்க வைப்பதில்லை. இது மட்டும் ஏன்? சரி, வந்தது குற்றவாளி, நீக்கிவிடலாம் என்று பார்த்தால் நீக்குகிற பொத்தான் விண்டோசுக்கு உள்ளே இருக்கிறது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

பழுது பார்ப்பவர் பத்தில் எட்டு முறை சொல்வது "ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்". தட்டை முழுதாக அழித்து விண்டோசைப் புதிதாகப் போடுவது. நோய் தீரும், சந்தேகமில்லை. ஆனால் இந்த நோய்க்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு எண். அதை மாற்ற முழுத் தட்டையும் அழிக்க வேண்டியதில்லை.

அந்த எண் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது பிராசசருக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நம் மேசைக் கணினிகளில் உள்ள இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள் விழித்ததும் முதல் கட்டளையைத் தேடிப் போகும் முகவரி, 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட் முன்னால் உள்ள இடம். அங்கே இருப்பது வழக்கமான நினைவகம் இல்லை. மதர்போர்டில் பற்றவைத்த ஒரு சில்லு. அதற்குள் இருக்கும் நிரலுக்கு நிலைபொருள் என்று பெயர். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதை பயாஸ் என்றார்கள். இப்போது இருப்பது அதன் இடத்தைப் பிடித்த யுஇஎஃப்ஐ. பயாஸ் வன்தட்டின் முதல் 512 பைட்டைப் படித்து அதை ஓட்டும். அந்த 512-இல் நிரலுக்குக் கிடைத்த இடம் 446 பைட்தான். இந்தப் பத்தியின் பாதிகூட அதில் அடங்காது. யுஇஎஃப்ஐ அப்படிச் சிக்கனம் பிடிக்க வேண்டியதில்லை. தட்டில் தனியாக ஒதுக்கிய சிறு பிரிவிலிருந்து ஒரு முழுக் கோப்பையே எடுத்து ஓட்டும்.

அந்தக் கோப்பு, விண்டோசின் ஏற்றியான வின்லோடை அழைக்கும். நம் கதை சூடு பிடிப்பது இங்கேதான். வின்லோட் தட்டிலிருந்து மூன்றை நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது: விண்டோசின் மையமான கர்னல், அதாவது கரு; விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டில் ('ரெஜிஸ்ட்ரி') 'சிஸ்டம்' என்ற பகுதி; அந்தப் பதிவேட்டில் 'ஆரம்பத்திலேயே வேண்டும்' என்று குறித்திருக்கும் டிரைவர்கள். டிரைவர் என்பதைத் தமிழில் இயக்கி என்கிறோம். தட்டு, விசைப்பலகை, திரை, யுஎஸ்பி துளை என ஒவ்வொரு வன்பொருளோடும் கருவின் சார்பில் பேசுகிற நிரல். மூன்றும் வந்ததும் வின்லோட் ஒதுங்கிக்கொள்ள, கரு எழுந்து இயக்கிகளை ஒவ்வொன்றாகத் தொடங்கிவைக்கும். பிறகு சேவைகள், பிறகு கடவுச்சொல் கேட்கும் திரை.

இந்த வரிசை தெரிந்தாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும். கணினியைச் செய்த நிறுவனத்தின் சின்னமே வரவில்லையென்றால் குறை வன்பொருளிலோ நிலைபொருளிலோ. கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ்' கிடைக்கவில்லை என்று வந்தால் தட்டிலோ ஏற்றியிலோ. நீலத்திரை வந்தால்? அந்த நீலத்தைத் தீட்டுவதே விண்டோசின் கருதான். ஆகவே தட்டு படிக்கப்பட்டிருக்கிறது, ஏற்றி வேலை செய்திருக்கிறது, கரு உயிரோடு எழுந்திருக்கிறது. பயமுறுத்துகிற அந்தத் திரை, உங்கள் கோப்புகள் அநேகமாகப் பத்திரமாக இருக்கின்றன என்பதற்கான சான்றும்கூட.

இனி அந்த எண். பதிவேட்டில் ஒவ்வொரு இயக்கிக்கும் சேவைக்கும் ஒரு தனிப் பெட்டி உண்டு. அதில் 'ஸ்டார்ட்' என்று ஒரு வரி. அதன் மதிப்பு 0 என்றால் வின்லோடே ஏற்ற வேண்டும். 1 என்றால் கரு எழுந்த கையோடு தொடங்க வேண்டும். 2 என்றால் அதற்குப் பின் தானாக, 3 என்றால் யாராவது கேட்டால் மட்டும், 4 என்றால் தொடவே கூடாது. நீங்கள் சாதாரணமாக நிறுவுகிற பாட்டுக் கேட்கும் செயலியோ கணக்கு எழுதும் செயலியோ இந்தப் பட்டியல் பக்கமே போவதில்லை. அதன் கோப்புகள் தட்டில் ஒரு மூலையில் கிடக்கும். நீங்கள் சுட்டினால் எழும். டாங்கிள் வைத்த மென்பொருளோ, நிறுவும்போதே இந்தப் பட்டியலில் தன் பெயரை எழுதி பெரும்பாலும் 0, 1, 2-இல் ஒன்றைப் போட்டுவிடுகிறது. அதனால்தான் நிறுவிய அன்று எந்தக் கோளாறும் தெரியாமல், அணைத்துப் போட்டதும் தெரிகிறது.

அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு எதற்கு இயக்கி? திருட்டு நகலைத் தடுக்கத்தான். மென்பொருள் அவ்வப்போது டாங்கிளிடம் ஒரு கேள்வி கேட்கும், சரியான பதில் வந்தால்தான் ஓடும். பழைய டாங்கிள்கள் அச்சுப்பொறியின் இணைத்துளையில் செருகப்பட்டன. விண்டோஸ் 98-இல் சாதாரண நிரலே அந்தத் துளையை நேரடியாகத் தொடலாம். விண்டோஸ் என்டி வழிவந்த எக்ஸ்பி, 7, 10 எதிலும் அது முடியாது. கருவுக்குள் இருக்கும் ஒன்றுதான் தொட முடியும். ஆகவே ஒரு இயக்கியைக் கூடவே அனுப்பினார்கள். சிடி எழுதும் மென்பொருள், வைரஸ் தடுப்பான், காப்பு நகல் எடுக்கும் மென்பொருள், சிடியில் வந்த விளையாட்டுகளின் நகல் தடுப்பு ஆகியவையும் இந்த வகைதான். பழைய மென்பொருளைப் போட்டுக் கணினி எழவில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதில் எது என்றுதான்.

கருவுக்குள் இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் அப்படியென்ன வேறுபாடு? 1985-இல் வந்த இன்டெல் 386 முதல், இந்தப் பிராசசர்களுக்குள்ளேயே நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காக்கும் சாதனமும் அதிகாரப் படிகளும் உண்டு. விண்டோஸ் அந்தப் படிகளில் இரண்டை மட்டும் பயன்படுத்துகிறது. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பவை சாதாரண நிரல்கள். ஒருவருக்கு மயக்கம் வந்தால் அவரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப் போவார்கள், பந்தி நடக்கும். சமையற்கட்டில் இருப்பவை கருவும் இயக்கிகளும். அங்கே ஒருவர் கை தவறினால் அத்தனை இலைக்கும் சேர்த்துத்தான் சேதம். பழைய இயக்கி என்பது, பத்து வருஷத்துக்கு முன்னால் இதே சமையற்கட்டில் வேலை பார்த்த தவசிப்பிள்ளை. மூன்றாவது தட்டில் இடது ஓரம் உப்பு என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இடையில் மண்டபத்தைப் புதுப்பித்து அலமாரியை மாற்றிவிட்டார்கள். அவர் பழைய நினைப்பில் கை நீட்டுகிறார். கைக்கு வருவது சலவை சோடா.

இயக்கிகளில் இதற்குச் சமமானது நினைவக இடக்கணக்கு. ஒவ்வொரு நிரல் ஓடும்போதும் கரு அதைப்பற்றி ஒரு குறிப்பேடு வைத்திருக்கும். அந்தக் குறிப்பேட்டின் எத்தனையாவது பைட்டில் எந்தத் தகவல் என்பதை மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக வெளியிடுவதில்லை. வெளியீட்டுக்கு வெளியீடு மாற்றிக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்கிறது. அவசரத்திலிருந்த இயக்கி எழுதுவோர் அதைத் தாங்களே கண்டுபிடித்து, எண்ணாகவே நிரலில் பதித்துவிட்டார்கள். இன்னும் துணிச்சலான வேலையும் உண்டு. நிரல்கள் கருவிடம் 'கோப்பைத் திற', 'நினைவகம் கொடு' என்று கேட்பதற்கு வரிசை எண் வைத்த ஓர் அட்டவணை இருக்கிறது. பழைய வைரஸ் தடுப்பான்கள் சில, கோப்பு திறக்கும் வரியை அழித்துவிட்டு அங்கே தங்கள் முகவரியை எழுதிக்கொண்டன. திறக்கப்படும் கோப்பையெல்லாம் தாங்கள் முதலில் பார்க்கலாம் அல்லவா? ஆனால் அந்த எண்கள் ஒவ்வொரு விண்டோஸ் வெளியீட்டிலும் மாறும். பழைய எண்ணில் புதிய விண்டோசில் இருப்பது வேறு வேலை. 2005 முதல் 64 பிட் விண்டோசில், இந்த அட்டவணையையும் கருவின் மற்ற முக்கியப் பகுதிகளையும் யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று கருவே அவ்வப்போது சோதிக்கிறது. திருத்தம் கண்டால் 109 என்ற எண்ணோடு நீலத்திரை.

விண்டோஸ் ஏன் அப்படியே நின்றுவிட வேண்டும், குற்றவாளி இயக்கியை மட்டும் தூக்கி எறியக்கூடாதா என்று கேட்கலாம். சமையற்கட்டில் எந்தெந்தப் பாத்திரத்தில் சோடா விழுந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். கருவின் நினைவகம் எல்லா இயக்கிகளுக்கும் பொது. ஒன்று தவறான இடத்தில் எழுதியிருந்தால், தட்டில் அடுத்து எழுதப்போகும் கோப்புப் பட்டியல்கூட அந்த நேரத்தில் கெட்டிருக்கலாம். தொடர்ந்து ஓடினால் உங்கள் கோப்புகள் நாசமாகலாம். ஆகவே, இருக்கிற நிலையைத் தட்டில் ஒரு கோப்பாக ஊற்றிவிட்டு அங்கேயே நிற்பது என்று வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மென்பொருள் சின்னத்தில் வலச் சொடுக்கினால் 'கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு பக்கம் வரும். பழைய விண்டோஸ் போல நடி என்று அதில் சொல்லலாம். பழைய நிரல்களுக்காக மைக்ரோசாஃப்ட் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சிம்சிட்டி விளையாட்டு, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும் பிழையோடு வந்தது. பழைய விண்டோசில் அது தற்செயலாகப் பிழைத்துக்கொண்டது. விண்டோஸ் 95 எழுதியவர்கள், ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால் திருப்பிய நினைவகத்தை உடனே அழிக்காத தனி ஏற்பாடு ஒன்றையே செய்தார்கள் என்று மென்பொருள் உலகைப் பற்றி எழுதும் ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியிருக்கிறார். விண்டோஸ் 7 தன்னை உள்ளுக்குள் 6.1 என்றுதான் சொல்லிக்கொண்டது. முதல் எண் 7 ஆகிவிட்டால், அதற்கு முந்தைய விஸ்டாவுக்காக 6-ஐத் தேடிப் பழகிய நிரல்கள் ஓட மறுக்குமே என்ற கவலை. ஆனால் இந்தப் பாசாங்கெல்லாம் பந்தியில் இருப்பவர்களுக்கு மட்டும். நிரலுக்கும் கருவுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்ல ஒரு இடம் இருக்கிறது. கருவுக்குள்ளேயே ஓடுகிற இயக்கிக்கு அந்த நடு இடம் இல்லை.

வாசலில் தடுக்கலாமே? தடுக்கிறார்கள். 64 பிட் விண்டோஸ், 32 பிட் இயக்கியை ஏற்காது. விஸ்டா முதல் 64 பிட் இயக்கிக்கு மின்னணுக் கையொப்பம் கட்டாயம். ஆனால் விண்டோஸ் 10-இல் 2016-இல் விதியை இறுக்கியபோது, 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கிய சான்றிதழால் கையொப்பமிட்ட பழைய இயக்கிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நம் டிடிபி கடை டாங்கிளின் இயக்கி அந்த விலக்கில்தான் உள்ளே வந்தது. கையொப்பம் இதை எழுதியவர் யார் என்பதற்குத்தான் உத்தரவாதம்; இன்றைய கருவோடு ஒத்துப்போகுமா என்பதற்கு அல்ல. மைக்ரோசாஃப்ட் முற்றாக மறுத்த இடமும் உண்டு. சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பின் இயக்கியை விண்டோஸ் 10-இலிருந்து எடுத்தேவிட்டார்கள். அதை நம்பிய பழைய விளையாட்டுகள் ஓடவில்லை, கணினிகள் ஓடின. எனக்கு இந்த மறுப்புத்தான் நியாயமாகப் படுகிறது.

ஒரே ஒரு இயக்கி ஒரு கணினியைப் படுக்க வைக்கும் என்பதை உலகமே பார்த்த நாள் 2024 ஜூலை 19. பழைய மென்பொருள் இல்லை, அன்றைக்கு வந்த புதுச் சரக்கு. ஆனால் நோய் இதே நோய். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு இயக்கி உண்டு; எதைச் சந்தேகிக்க வேண்டும் என்ற விவரக் கோப்புகள் அதற்கு அடிக்கடி வரும். அன்று வந்த கோப்பு 21 மதிப்புகளைப் பார்க்கச் சொன்னது. இயக்கியின் கையில் இருந்தவை 20. இருபத்தோராவதைப் படிக்கப்போய் எல்லைக்கு வெளியே உள்ள நினைவகத்தைத் தொட்டது. 78 நிமிஷத்தில் நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திரும்பப் பெற்ற பிறகும் ஏன் நாள்கணக்கில் அவதி? எழ முடியாத கணினி இணையத்துக்குப் போய்த் திருத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாது. ஆள் போய், வேறு வழியாக உள்ளே நுழைந்து, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கணினியிலும்.

அந்த வேறு வழிதான் கல்யாணப் பைத்தியப் புதிருக்கு விடை. உங்கள் தட்டிலேயே இன்னொரு சின்ன விண்டோஸ் ஒளிந்திருக்கிறது. 'மீட்புச் சூழல்' என்பார்கள். தனிப் பிரிவில் ஒரே கோப்பாகச் சுருட்டிவைத்து, தேவைப்படும்போது முழுதாக நினைவகத்தில் விரித்து ஓட்டுவது. பெரிய விண்டோசின் இயக்கிப் பட்டியலை அது எட்டியும் பார்ப்பதில்லை. ஆகவே டாங்கிள் இயக்கி அங்கே வாலாட்ட முடியாது. விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை எழத் தவறினால் மூன்றாம் முறை இது தானாகவே வரும். முன்பெல்லாம் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருப்போம். விண்டோஸ் 8 வந்தபோது கணினிகள் வேகமாக எழத் தொடங்கி, அந்தத் தட்டலைக் கவனிக்கக் கிடைத்த நேரம் 0.2 நொடிக்கும் கீழே போய்விட்டதால் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

மீட்புச் சூழலில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்று போனால் முதலில் பார்க்க வேண்டியது 'சிஸ்டம் ரீஸ்டோர்'. இயக்கியை நிறுவும்போது விண்டோஸ் பல நேரம் ஒரு மீட்புப் புள்ளியை எடுத்துவைக்கும். தட்டில் ஒரு துண்டை அழித்து எழுதும் முன் அதன் பழைய உருவை ஓரமாக நகலெடுத்து வைக்கும் முறை அது. அந்தப் புள்ளிக்குத் திரும்பினால் பதிவேடும் கணினிக் கோப்புகளும் பழையபடி ஆகும். நீங்கள் தட்டச்சிட்ட பத்திரிகைகள் அப்படியே இருக்கும். ஒரே நிபந்தனை, இந்த வசதி முன்கூட்டியே இயங்கும் நிலையில் இருந்திருக்க வேண்டும்.

இல்லையென்றால் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', அதில் 4-ஆம் எண்: 'சேஃப் மோட்', பாதுகாப்பு முறை. விண்டோஸ் எப்படியோ பத்திரமாக நடந்துகொள்ளும் முறை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இன்னொரு பட்டியல். பதிவேட்டில் 'சேஃப்பூட்' என்ற பெட்டியில், அத்தியாவசியமானவை இவைதான் என்று பெயர் பெயராக எழுதியிருக்கும். அதில் இல்லாதவற்றைக் கரு தொடங்கிவைப்பதில்லை; வின்லோடே ஏற்றிவிடுகிற 0 எண்காரர்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. டாங்கிளின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது; அதன் எண் 0 இல்லையென்றால் அது எழாது. திரை பெரிய எழுத்தில் அவலட்சணமாக வரும், ஆனால் வரும். வந்ததும் நீக்கப் போனால், 'இன்ஸ்டாலர்' சேவை கிடைக்கவில்லை என்று பல மென்பொருள்கள் மறுக்கும். காரணம், அந்தச் சேவையும் அத்தியாவசியப் பட்டியலில் இல்லை! பதற வேண்டியதில்லை. இயக்கியின் 'ஸ்டார்ட்' எண்ணை 4 ஆக்கிவிட்டு, சாதாரணமாகத் தொடங்கி, பிறகு நிதானமாக நீக்கலாம்.

பாதுகாப்பு முறையும் எழவில்லை என்றால் அந்த எண்ணை வெளியிலிருந்தே மாற்ற வேண்டும். மீட்புச் சூழலின் கட்டளைச் சாளரத்தில் 'ரெஜ்எடிட்' என்று அடித்தால் பதிவேட்டுத் திருத்தி திறக்கும். ஆனால் அது காட்டுவது சின்ன விண்டோசின் பதிவேடு. 'ஃபைல்' பட்டியலில் 'லோட் ஹைவ்' போய், பெரிய விண்டோசின் 'சிஸ்டம்32' அடைவில் 'கான்ஃபிக்' உள்ளே இருக்கும் 'சிஸ்டம்' கோப்பைத் திறக்க வேண்டும். நீங்கள் சி டிரைவ் என்று அழைப்பதை மீட்புச் சூழல் டி என்று அழைக்கலாம் என்பதால், விண்டோஸ் அடைவு எதில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே 'சர்வீசஸ்' கீழே இயக்கியின் பெயர், அதில் 'ஸ்டார்ட்'. 4 என்று மாற்றி, 'அன்லோட்' செய்து, அணைத்துப் போட்டால் கணினி எழும்.

தட்டு விண்டோசின் 'பிட்லாக்கர்' குறியாக்கத்தால் பூட்டியிருந்தால் இதற்கெல்லாம் முன்னால் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். 2024-இல் பல அலுவலகங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான்.

இயக்கிக் கோப்பையே அழித்துவிட்டால் என்ன, எதற்கு இந்தச் சுற்று என்று கை பரபரக்கும். சில நேரம் சரிப்படும், சில நேரம் நோயை முற்ற வைக்கும். சில இயக்கிகள் தனியாக நிற்பதில்லை; தட்டுக்கோ விசைப்பலகைக்கோ போகும் பாதையில் வடிகட்டியாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சாதனம் எழ வேண்டுமானால் வடிகட்டிகளின் பட்டியலில் உள்ள எல்லாரும் எழ வேண்டும். கோப்பை அழித்து, பட்டியலில் பெயரை விட்டுவைத்தால் சாதனமே எழாது. எண்ணை 4 ஆக்கினாலும் இதே கதிதான்; இந்த வகைக்குப் பட்டியலிலிருந்தே பெயரை எடுக்க வேண்டும். விசைப்பலகை என்றால் கணினி எழுந்திருக்கும், கடவுச்சொல் கேட்கும், உங்களால் ஒரு எழுத்துக்கூட அடிக்க முடியாது. தட்டு என்றால், தட்டையே காணோம் என்று 7பி எண்ணில் புது நீலத்திரை.

குற்றவாளி இன்னார்தான் என்று எப்படித் தெரியும்? நிறுவியது ஒன்றே என்றால் சந்தேகமில்லை. விண்டோஸ் 10 நீலத்திரையில் 'வாட் ஃபெயில்ட்' என்று பல நேரம் ஒரு கோப்பின் பெயரே வரும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. சோடாவைப் போட்டவர் ஒருவர், ருசி பார்த்து மயங்கி விழுந்தவர் இன்னொருவராக இருக்கலாம். திரை காட்டுவது விழுந்தவரை. இதற்காகவே விண்டோஸ் 2000 முதல் 'டிரைவர் வெரிஃபையர்' என்ற சோதனைக் கருவி கூடவே வருகிறது. சந்தேகப்படும் இயக்கி கேட்கும் நினைவகத்தை ஒரு பக்கத்தின் கடைசி ஓரத்தில் கொடுத்து, அடுத்த பக்கத்தைத் தொடவே முடியாதபடி பூட்டிவைக்கும். ஒரு பைட் எல்லை தாண்டினாலும் தாண்டிய கையோடு பிடிபடும். இன்னொரு வழி 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' 2-ஆம் எண். தொடங்கிய இயக்கிகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கரு மிக ஆரம்பத்திலேயே விழுந்தால் அந்தக் கோப்பை எழுதவே நேரம் இருக்காது.

சந்தேகத்துக்கு ஆள் நாற்பது பேர் இருந்தால் ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டாம். பாதியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். எழுந்தால் குற்றவாளி நிறுத்திய பாதியில், எழாவிட்டால் மற்ற பாதியில். மறுபடி பாதி. ஆறு சுற்றுக்குள் ஒருவரில் வந்து நிற்கும்.

எக்ஸ்பி, 7 காலத்தில் இந்த அலைச்சலுக்கு அழகான குறுக்குவழி ஒன்று இருந்தது. இயக்கிப் பட்டியல் அடங்கிய பகுதியை விண்டோஸ் இரட்டையாக வைத்திருக்கும். ஒவ்வொரு முறை நீங்கள் வெற்றிகரமாக உள்நுழைந்ததும் நடப்புப் பட்டியலை 'கடைசியாக நன்றாக இருந்தது' என்று குறித்துக்கொள்ளும். எழவில்லையென்றால் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், புது இயக்கி பட்டியலிலேயே இருக்காது. விண்டோஸ் 8-இல் அந்த வரி மெனுவிலிருந்து போய்விட்டது. பதிவேட்டின் காப்பு நகலைத் தானாக எடுத்துவைக்கும் வழக்கத்தையும், இடம் மிச்சம் பிடிக்க, விண்டோஸ் 10-இன் 1803 வெளியீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த அடைவைத் திறந்து பார்த்தால் கோப்புகள் இருக்கும், அளவு சுழியம். மிச்சம் பிடித்த இடம் நூறு மெகாபைட் அளவுக்குத்தான் வரும். கஞ்சத்தனம் என்றுதான் சொல்வேன்.

சரி, கணினி எழுந்துவிட்டது. கடைக்காரருக்கு அந்த மென்பொருள் இல்லாமல் தொழில் ஓடாதே. பத்து வருஷப் பத்திரிகைகள் அந்தக் கோப்பு வடிவில், அந்த எழுத்துருவில் கிடக்கின்றன. டாங்கிளைச் செய்த நிறுவனம் இருந்தால் புதிய இயக்கியை அவர்கள் தளத்திலிருந்து எடுத்துப் போடலாம். அச்சுக்கோப்பு மென்பொருள் அதேதான், இயக்கி மட்டும் புதிது. இது பலருக்குத் தோன்றுவதில்லை. சிடியில் வந்த இயக்கியைத்தான் போட வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

நிறுவனமே இல்லையென்றால், மெய்நிகர்க் கணினி. விண்டோஸ் 10-க்குள் ஒரு சாளரத்தில் விண்டோஸ் 7 ஒன்றைத் தனிக் கருவோடு ஓட்டுவது. பழைய இயக்கி எதிர்பார்க்கும் இடக்கணக்கு உள்ளே அப்படியே இருக்கும். மைக்ரோசாஃப்டே 2009-இல் விண்டோஸ் 7-இன் உயர் பதிப்புகளுக்கு 'எக்ஸ்பி மோட்' என்ற பெயரில் இப்படி ஒன்றைக் கொடுத்தது. உள்ளே நீலத்திரை வந்தால் அது ஒரு சாளரத்துக்குள் வரும் நீலத்திரை. மூடிவிட்டு, நேற்று எடுத்துவைத்த நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். யுஎஸ்பி டாங்கிளை அந்த உள் கணினியிடம் ஒப்படைக்கும் வசதி இன்றைய மெய்நிகர் மென்பொருள்களில் உண்டு. இணைத்துளை டாங்கிளுக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை; இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்தத் துளையே கிடையாது. அப்படிப்பட்ட கடைகளில் பழைய கணினி ஒன்றை இணையத்தோடு இணைக்காமல் ஒரு மூலையில் தனியாக ஓடவிட்டு, முடித்த வேலையைப் பென் டிரைவில் எடுத்துவந்து புதுக் கணினியில் அச்சிடுகிறார்கள்.